தண்ணிக்குள்ள நனையாத இலையும், நனையக் கூடாத தாமிரமும்

வயலில் தண்ணீர் ஏறி, நெற்பயிர் முழுகி நிற்கும்போது உற்றுப் பார்த்திருக்கீங்களா? தண்ணீருக்குள் இருக்கும் இலை பச்சையாகவே தெரியாது. வெள்ளி ரேக்கு ஒட்டின மாதிரி மினுங்கும். கையை விட்டு இலையை வெளியே இழுத்தால் ஒரு சொட்டுகூட ஒட்டியிருக்காது. உதறவே வேண்டாம், அப்படியே காய்ந்த இலையாக வரும்.

அந்த மினுமினுப்பு இலையில் இல்லை. இலையின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தில் இருக்கிறது. தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் கண்ணாடியில் படுவது போலத் திரும்புவதால்தான் நமக்கு வெள்ளியாகத் தெரிகிறது. நெல் இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள், அவற்றின் மேல் மெழுகுத் துகள்கள். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். தாமரை இலையிலும் சேம்பு இலையிலும் நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கிற அதே சங்கதிதான். தாமரை இலைக்கு இதை நுண்ணோக்கி வைத்து விரிவாக விளக்கியவர்கள் ஜெர்மனியின் பார்ட்லாட், நைன்ஹூயிஸ் ஆகிய இருவர், 1997இல்.

தாமரைக்கு இது பெரும்பாலும் தூசி போகக் குளிப்பதற்கு. நெல்லுக்கு இது உயிர்ப் பிரச்சினை. முழுகிய பயிருக்கும் பகலில் ஒளிச்சேர்க்கை நடக்க வேண்டும், அதற்கு கார்பன் டை ஆக்சைடு (இனி சுருக்கமாக சிஓடூ) வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சிஓடூ இலைக்குள் போக, இலைத்துளைகள் திறந்திருக்க வேண்டும், துளைக்குள் தண்ணீர் புகுந்து அடைத்துவிடக் கூடாது. காற்றுப் படலம் இருந்தால் இலையின் மொத்தப் பரப்பிலும் சிஓடூ தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வந்து, பக்கத்துத் துளை வழியாக உள்ளே போய்விடும். இதைச் சோதித்துப் பார்த்த முறை ரொம்ப எளிமை. டிடர்ஜென்ட் கலந்த தண்ணீரால் இலையைத் தடவி அந்தப் படலத்தைப் போக்கிவிட்டு, பிறகு முழுக வைத்தார்கள். ஒளிச்சேர்க்கை படுத்துவிட்டது. பெடர்சன், ரிச், கோல்மர் ஆகியோரின் இந்த வேலை 2009இல் வெளியானது. 2018இல் ஜப்பான், ஆஸ்திரேலியா, டென்மார்க் ஆய்வாளர்கள் சேர்ந்து இதற்குப் பின்னால் இருக்கும் மரபணுவையே பிடித்தார்கள். அதன் பெயர் எல்ஜிஎஃப்1. 30 கார்பன் நீளமுள்ள ஒரு மெழுகு ஆல்கஹாலை இலை தயாரிப்பதற்கு அது தேவை. அந்த மரபணு பழுதான நெல்லில் இலை சாதாரணமாக நனைந்துவிடும், வெள்ளத்தைத் தாங்கும் திறனும் குறைந்துவிடும்.

இத்தனை இருந்தும் அந்தச் சட்டை நிரந்தரம் இல்லை. முழுகிய சில நாட்களில், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், மெழுகின் நீர்விலக்கும் தன்மை குறைந்து இலை நனையத் தொடங்கும். மினுமினுப்பு போய்ப் பச்சை தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். பிசானப் பயிர் வயலில் நின்ற நேரம் அது. சீக்கிரம் வடிந்த வயலில் பயிர் எழுந்து நிற்பதும், தேங்கி நின்ற பள்ளக்காட்டில் அழுகிப் போவதும் வெள்ளத்துக்கு வெள்ளம் விவசாயிகள் பார்க்கிற விஷயம். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, சேறு, கலங்கல் தண்ணீர், வேருக்கு ஆக்சிஜன் இல்லாதது எல்லாமே. ஆனால் அந்த மெழுகு எத்தனை நாள் தாங்கும் என்பதும் கணக்கில் ஒரு வரி.

கெமிக்கல் இன்ஜினியரிங் பக்கம் இதே கணக்கை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஆய்வகங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. சிஓடூவை எரிபொருளாக மாற்றும் வினையூக்கியை எப்படி நனையாமல் வைப்பது, எவ்வளவு நாள் வைப்பது என்பதுதான் கேள்வி.

ஒன்றுக்கு ஆயிரத்து அறுநூறு

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். எலக்ட்ரோலிசிஸ் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்ததுதான். தண்ணீரில் இரண்டு மின்முனை, கரன்ட் கொடுத்தால் எதிர்மின்முனையில் ஹைட்ரஜன், நேர்மின்முனையில் ஆக்சிஜன். இப்போது அந்தத் தண்ணீரில் சிஓடூவைச் செலுத்தி, எதிர்மின்முனையில் பொருத்தமான உலோகத்தை வைத்தால், எலக்ட்ரான்கள் சிஓடூவுக்குப் போய் அதை வேறு பொருளாக மாற்றும். வெள்ளியும் தங்கமும் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வெள்ளீயம் வைத்தால் ஃபார்மேட். பிளாட்டினம் வைத்தால் சிஓடூவைக் கண்டுகொள்ளாமல் ஹைட்ரஜன் மட்டும் தரும். தாமிரம் மட்டும் தனி ரகம். 1980களில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரியும் குழுவினரும் தாமிர மின்முனையில் சிஓடூவிலிருந்து மீத்தேன், எத்திலீன் மாதிரி ஹைட்ரோகார்பன்கள் வருவதைக் காட்டினார்கள். எத்தனால்கூட வரும். (தாமிரபரணின்னு பேர் வச்ச ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு தாமிரத்தை விட்டுக்கொடுக்க முடியுமா!)

சிக்கல், தண்ணீர்தான். 25 டிகிரியில், சாதாரண காற்றழுத்தத்தில், சுத்தமான சிஓடூவையே குமிழ் விட்டாலும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது சுமார் ஒன்றரை கிராம். மோல் கணக்கில் 0.034. அதே லிட்டரில் தண்ணீர் மூலக்கூறுகள் 55 மோல். வகுத்துப் பாருங்க, ஒரு சிஓடூ மூலக்கூறைச் சுற்றி 1,600க்கும் மேற்பட்ட தண்ணீர் மூலக்கூறு. மின்முனையை வந்து தொடுவது யார்? தண்ணீர்தான். ரெண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனாகப் பறந்துவிடும். எத்திலீன் ஒரு மூலக்கூறு வர 12 எலக்ட்ரான் வேண்டும், அதுவும் ரெண்டு சிஓடூ பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். ரேஷன் கடை வரிசையில் 1,600 பேருக்கு நடுவில் ரெண்டு பேர் ஒன்றாக நின்று பேசுவது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம்.

இன்னொரு தொல்லை, வேகம். மின்முனை அருகில் இருக்கும் சிஓடூ தீர்ந்துவிட்டால் புதிதாக வர வேண்டும். தண்ணீருக்குள் சிஓடூ விரவும் வேகம், காற்றுக்குள் விரவும் வேகத்தில் கிட்டத்தட்ட எட்டாயிரத்தில் ஒரு பங்கு. கரன்டைக் கூட்டினால் எத்திலீன் கூடாது, ஹைட்ரஜன்தான் கூடும்.

அப்போ தண்ணீரே வேண்டாம் என்று தூக்கிவிடலாமா? முடியாது. எத்திலீனில் இருக்கும் ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். அயனிகள் நகரவும் தண்ணீர் வேண்டும். ஆக வினையூக்கி தண்ணீரைத் தொட வேண்டும், ஆனால் நனைந்துவிடக் கூடாது. நெல் இலை செய்கிற வேலை அப்படியே.

தாமிரத்துக்கு மெழுகு

2019இல் பாரிஸின் காலேஜ் து பிரான்ஸில் மார்க் ஃபோன்டகாவ் குழுவில் டேவிட் வேக்கர்லி முதலானோர் இதை நேரடியாகவே செய்து பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் நெல் இல்லை, உடம்பு ரோமத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் மூச்சு விடும் சிலந்தி. தாமிரத்தைக் கிளைகிளையாக, பெரணி இலை மாதிரி வளர்த்தார்கள். அதுதான் மேடு பள்ளம். அதன் மேல் ஆக்டாடெகேன்தயால் என்ற பொருளை ஒற்றை மூலக்கூறு தடிமனில் பூசினார்கள். 18 கார்பன் கொண்ட வால், தலையில் ஒரு கந்தகம். கந்தகம் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும், மெழுகு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நெல்லுக்கு 30 கார்பன் வால், தாமிரத்துக்கு 18 கார்பன் வால். யோசனை ஒன்றுதான்.

பலன் என்ன? கொடுத்த எலக்ட்ரான்களில் நூற்றுக்கு எத்தனை எந்தப் பொருளுக்குப் போனது என்று சொல்வதை ஃபாரடே திறன் என்பார்கள். மெழுகு பூசாத தாமிரத்தில் 71% ஹைட்ரஜனுக்கே போனது. பூசியதில் அது 10% ஆகக் குறைந்தது. எத்திலீன் 9 சதவீதத்திலிருந்து 56 ஆகவும், எத்தனால் 4 சதவீதத்திலிருந்து 17 ஆகவும் ஏறியது. உலோகத்தை மாற்றவில்லை, விலை உயர்ந்த எதையும் சேர்க்கவில்லை, ஒரு மூலக்கூறு கனத்துக்கு மெழுகு, அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இவ்வளவு சுலபமா என்று. ஆனால் இந்த மாதிரி எண்களைப் பார்க்கும்போது ரெண்டு கேள்வி கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது. எவ்வளவு கரன்டில்? எவ்வளவு நேரம்? ஒரு சின்னத் துண்டு தாமிரத்தைக் கண்ணாடிக் குடுவையில் முழுக வைத்து எடுக்கும் கரன்ட், தொழிற்சாலைக்குப் பத்தாது. அதற்கு மின்முனையின் அமைப்பையே மாற்ற வேண்டும்.

பாபநாசம் அணை அளவு அழுத்தம்

அந்த மாற்றத்துக்குப் பெயர் கேஸ் டிஃப்யூஷன் எலக்ட்ரோட். ஃப்யூல் செல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிஓடூவைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவருவதற்குப் பதிலாக, துளைகள் நிறைந்த ஒரு தாளை நடுவில் வைக்கிறார்கள். ஒரு பக்கம் வாயுவாகவே சிஓடூ, மறுபக்கம் எலக்ட்ரோலைட் கரைசல், கரைசல் பக்கத்து முகத்தில் வினையூக்கி. வாயு துளை வழியாக வினையூக்கியின் முதுகுக்கே வந்துவிடும். கரைசல் மட்டும் துளைக்குள் இறங்கக் கூடாது. அதனால் துளைச் சுவர் முழுக்க நீர்விலக்கும் பொருள் பூசியிருக்க வேண்டும். பொதுவாகப் பயன்படுவது பிடிஎஃப்இ, அதாவது நம்ம நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான்.

ஒரு துளை எவ்வளவு அழுத்தம் வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்தும்? இதற்கு முதலாம் ஆண்டு இயற்பியலே போதும். நாலு, பெருக்கல் பரப்பு இழுவிசை, பெருக்கல் தொடுகோணத்தின் கோசைன் (குறியை விட்டுவிடலாம்), வகுத்தல் துளையின் விட்டம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். டெஃப்லான் மேல் தண்ணீரின் தொடுகோணம் சுமார் 110 டிகிரி. துளை ஒரு மைக்ரோமீட்டர் என்றால் விடை ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல், அதாவது பத்து மீட்டர் உயரத் தண்ணீர். துளை பத்து மைக்ரோமீட்டர் ஆனால் ஒரு மீட்டர்தான். பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, கிட்டத்தட்ட 44 மீட்டர். அந்த அழுத்தத்தைத் தாங்க டெஃப்லான் தாளில் துளை கால் மைக்ரோமீட்டருக்கும் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். அத்தகைய தாள் ஃபில்டர் கடையிலேயே கிடைக்கிறது! காகிதத்தில் கணக்கு போட்டால் பிரச்சினையே இல்லை.

ஆனாலும் தாள் நனைகிறது. கார்பன் தாளில் டெஃப்லான் பூசிய சாதாரண மின்முனைகள் பல சோதனைகளில் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வெள்ளக்காடாகிவிடும். ஆங்கிலத்திலும் இதற்கு ‘ஃப்ளடிங்’ என்றே பெயர். ஏன் என்று பார்த்தால், கணக்கில் நாம் மாறாது என்று வைத்த ஒவ்வொன்றும் மாறுகிறது.

மின்னழுத்தம் கொடுத்தவுடன் தொடுகோணம் குறையும். கடத்தும் பரப்பின் மேல் மின்னேற்றம் சேர்ந்தால் தண்ணீர் அதை நோக்கிப் பரவும், எலக்ட்ரோவெட்டிங் என்று படிப்போமே அதுதான். கார்பன் கடத்தும் பொருள், அதனால் அது மாட்டிக்கொள்கிறது. அடுத்தது உப்பு. எதிர்மின்முனையில் காரத்தன்மை கூடிக்கொண்டே போகும், அங்கே சிஓடூவும் இருக்கிறது, கரைசலில் பொட்டாசியம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து பொட்டாசியம் பைகார்பனேட், கார்பனேட் படிகங்கள் துளைக்குள் வளரும். உப்புக்குத் தண்ணீரைக் கண்டால் ஆசை, மெழுகின் முயற்சியெல்லாம் வீண். தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் போனால் இரும்புக் கம்பியில் எங்கெல்லாம் உப்பு ஏறியிருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எத்தனால். தண்ணீரில் எத்தனால் கலந்தால் பரப்பு இழுவிசை சரசரவென்று குறையும். அதாவது நாம் எதைத் தயாரிக்கக் கஷ்டப்படுகிறோமோ, அந்தப் பொருளே நம்ம பூச்சைத் தோற்கடிக்கும். நெல் இலை ஆய்வில் டிடர்ஜென்ட் செய்த வேலையை இங்கே விளைபொருளே செய்துவிடுகிறது. நன்றாக வேலை செய்யச் செய்ய ஆபத்து அதிகம்!

இதற்கு ஒரு வழி, கார்பனையே எடுத்துவிட்டு முழுக்க டெஃப்லான் தாளின் மேல் தாமிரத்தைப் படிய வைப்பது. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டெட் சார்ஜென்ட் குழு 2018இல் இப்படிச் செய்து, 70% ஃபாரடே திறனில் எத்திலீன் எடுத்து, 150 மணி நேரம் ஓட்டிக் காட்டியது. அந்தத் துறையில் அது பெரிய செய்தி. 150 மணி என்றால் ஆறே கால் நாள். நெல் இலையின் ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு என்பது தற்செயல்தான், ஆனால் மறக்க முடியவில்லை. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டெஃப்லானிலும் வில்லங்கம் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளங்கை அளவு தாளில் தாமிரப் படலம் வழியாகவே கரன்ட் ஓடிச் சமாளிக்கலாம், ஒரு மேசை அளவுக்குப் போனால் நடுப்பகுதிக்குக் கரன்ட் போய்ச் சேருவதற்குள் மின்னழுத்தம் இறங்கிவிடும். எம்ஐடியில் கிருபா வாரணாசி குழு 2024இல் வெளியிட்ட தீர்வு ஒரு நெசவுக்காரர் யோசனை மாதிரி இருக்கிறது. டெஃப்லான் தாளில் மெல்லிய தாமிரக் கம்பிகளை இடைவெளி விட்டுத் தைத்துவிட்டார்கள். கம்பி நெடுஞ்சாலை, படலம் தெரு. பத்தமடைப் பாயில் கோரைக்கு நடுவே நூல் ஓடுவது போலத்தான். அதோடு டெஃப்லான் ஃப்ளூரின் கலந்த பாலிமர், அந்தக் குடும்பத்துப் பொருட்களையே ஐரோப்பாவில் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு 2023லிருந்து சூடாக இருக்கிறது. ஆக ஃப்ளூரின் இல்லாத மெழுகுகளுக்குத் தேவை கூடும் என்பது என் கணிப்பு.

கரன்ட் இல்லாத பாதையும் உண்டு. சிஓடூவையும் ஹைட்ரஜனையும் சேர்த்து 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில், அதிக அழுத்தத்தில், தாமிரம்–துத்தநாக ஆக்சைடு வினையூக்கி மேல் ஓட விட்டால் மெத்தனால் கிடைக்கும். இங்கே தண்ணீரை நாம் ஊற்றுவதே இல்லை, ஆனாலும் தப்ப முடியாது. ஒவ்வொரு மெத்தனால் மூலக்கூறுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கூடவே பிறக்கும். அந்த நீராவி வினையூக்கித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக்கி, வேலைப் பரப்பைக் குறைத்துவிடும். கார்பன் மோனாக்சைடிலிருந்து ஹைட்ரோகார்பன் எடுக்கும் பக்கத்து வினையில், 2021இல் இரும்பு வினையூக்கிக்கு நீர்விலக்கும் சிலிக்கா உறை போட்டும், 2022இல் நீர்விலக்கும் பாலிமர் தூளை வினையூக்கியோடு வெறுமனே கலந்தும், சீன ஆய்வாளர்கள் பிறந்த தண்ணீரை உடனே வெளியேற்றிக் காட்டினார்கள். பூசக்கூட இல்லை, கலந்துவிட்டார்கள், உளுந்து மாவில் வெந்தயம் சேர்ப்பது போல. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையிலேயே மிகச் சிக்கனமான யோசனை அதுதான்.

ஆறு கடலில் சேரும் இடத்தில்

இதெல்லாம் பாரிஸ், டொரான்டோ கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் தூத்துக்குடி அனல்மின் நிலையம், 1,050 மெகாவாட். நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்குத் தோராயமாக ஒரு கிலோ சிஓடூ விடும். முழுத் திறனில் ஓடினால் மணிக்கு ஆயிரம் டன் பக்கம். அதே ஊரில்தான் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, 2016லேயே நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் அளவுக்குச் சிஓடூவைப் பிடித்து சோடா உப்பாக மாற்றும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதற்குக் கரைப்பான் தந்தது, ஐஐடி கரக்பூரில் படித்த ரெண்டு பேர் தொடங்கிய கார்பன் க்ளீன் நிறுவனம். அரசு மானியம் இல்லாமல் லாபத்துக்கு நடக்கிறது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் கவனிங்க, அது எரிபொருள் இல்லை. சோடா உப்பாக மாற்றுவது இறக்கத்தில் வண்டி ஓட்டுவது. எரிபொருளாக மாற்றுவது மாஞ்சோலை ஏற்றம்.

எவ்வளவு ஏற்றம் என்று பார்ப்போம். ஒரு டன் மெத்தனாலுக்கு சுமார் 1.4 டன் சிஓடூவும் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரை மின்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட் பக்கம் ஆகும். அதாவது 9,500 யூனிட். கிடைக்கும் மெத்தனாலை எரித்தால் வரும் வெப்பம் சுமார் 5,500 யூனிட். இந்த மின்சாரத்தை நிலக்கரியிலிருந்து எடுத்தால் 1.4 டன் பிடிப்பதற்காக 9.5 டன் வெளியே விடுகிறோம், சுத்தப் பைத்தியக்காரத்தனம். காற்றாலை, சூரிய மின்சாரம் இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சுக்கு அர்த்தம். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர் நம்மளது. முப்பந்தலிலும் பணகுடியிலும் கயத்தாறிலும் அந்த மாதங்களில் காற்றாலைகள் அள்ளிக் கொடுக்கும், ஐப்பசி கார்த்திகையில் சும்மா நிற்கும். கூடுதலாக வரும் மாதத்து மின்சாரத்தைத் திரவமாக்கித் தொட்டியில் வைப்பது என்பதுதான் இங்கே இருக்கும் உண்மையான கவர்ச்சி.

வாங்குவதற்கு ஆளும் வந்துகொண்டிருக்கிறது. 2023லிருந்து கன்டெய்னர் கப்பல்கள் மெத்தனாலில் ஓடத் தொடங்கிவிட்டன. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் சோதனை அளவிலான பசுமை ஹைட்ரஜன் நிலையம் தொடங்கப்பட்டது, கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் 750 கனமீட்டர் வசதிக்கும் அப்போதே அடிக்கல் நாட்டினார்கள். மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சலில் என்டிபிசி தன் அனல்மின் நிலையப் புகையிலிருந்து மெத்தனால் எடுத்துக் காட்டியது 2024இல்.

தண்ணீர்க் கணக்கையும் மறைக்கக் கூடாது. 190 கிலோ ஹைட்ரஜனுக்கு 1.7 டன் தண்ணீர், அதில் அரை டன்னுக்கு மேல் வினையின் முடிவில் திரும்பி வரும். திருவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து ஆலைகளுக்குத் தண்ணீர் எடுப்பது பற்றி விவசாயிகள் எத்தனை வருடம் சண்டை போட்டார்கள் என்று அந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள். பக்கத்திலேயே கடல் இருக்கும்போது ஆற்றில் கை வைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஹைட்ரஜனுக்கு ஆகும் 50 யூனிட்டோடு ஒப்பிட்டால் கடல் நீரைச் சுத்திகரிக்கும் மின்சாரம் தூசு.

ஏழாவது நாள் என்ன ஆச்சு?

மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்களுக்கு ஒரு விஷயம். இதில் ஒரு பகுதியை நம்ம கெமிஸ்ட்ரி லேபிலேயே செய்யலாம். தாமிரத் தகட்டை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, மிரிஸ்டிக் அமிலம் கரைத்த எத்தனாலில் மூன்று நான்கு நாள் ஊறப் போட்டால், மேலே தாமிர மிரிஸ்டேட் பூ மாதிரி வளர்ந்து தண்ணீர்ச் சொட்டு உருண்டோடும் பரப்பாக மாறிவிடும். 2006இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. மிரிஸ்டிக் அமிலம் ஜாதிக்காய்க் கொழுப்பில் இருப்பது, பெயரே அங்கிருந்து வந்ததுதான், விலையும் கையைக் கடிக்காது. தொடுகோணம் அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. சொட்டைப் பக்கவாட்டில் மொபைலில் படமெடுத்து, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் கோணம் போட்டுவிடலாம்.

பெரும்பாலான ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் இங்கேயே முடிந்துவிடும், ‘150 டிகிரி கிடைத்தது’ என்று. உண்மையான வேலை அதற்குப் பிறகு. தகடுகளை நான்கு டப்பாவில் போடுங்க. ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் பொட்டாசியம் பைகார்பனேட் கரைசல், ஒன்றில் அதோடு 5% எத்தனால், கடைசியில் பைகார்பனேட் கரைசலோடு எதிர்மின்முனையாக மின்னழுத்தமும். தினமும் எடுத்துக் கழுவி, உலர்த்தி, கோணம் அளந்து வரைபடம் போடுங்க. பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு டப்பாவில் நெல் இலையை முழுக வைத்து, வெள்ளி எந்த நாளில் மறைகிறது என்று குறிச்சுக்கோங்க. இலை வயலில் பறித்த அன்றே முழுக வேண்டும், வாடிய இலை சரிவராது.

மேலே படிக்க ஆசைப்படுறவங்களுக்கு காரைக்குடி ரொம்ப தூரம் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஏழு நாள் வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்க.